மண்ணின் மேல் போட்ட பழி

ஜஸ்டஸ், வயது இருபத்தாறு, சொந்த ஊர் மணவாளக்குறிச்சிக்குப் பக்கத்துக் கடற்கரை, இப்போது இருப்பது ஷார்ஜாவில் ஏசி கம்பெனி கேம்பின் மொட்டைமாடி. இரண்டு தண்ணீர் டேங்குகளுக்கு நடுவில் கொஞ்சம் நிழல் உண்டு. அந்த நிழலில் குத்தவைத்து உட்கார்ந்து, ஃபோனைக் காதில் வைத்துக்கொண்டு, பெற்ற தாயிடம் இதுவரை பேசாத பேச்செல்லாம் பேசிக்கொண்டிருந்தான்.

"சும்மா இரின்னு சொல்லாத அம்மா. இன்னொருக்க அந்த வார்த்தைய சொன்னன்னா ஃபோன தூக்கி கீழ எறிஞ்சிருவேன்."

"எறி. எறிஞ்சிட்டாவது சும்மா இரி," என்றாள் கிரேசி. "நாளைக்கு முதல் ஓலை வாசிக்கப் போறாவ. மூணே மூணு ஞாயிறு வாய மூடிட்டு இருந்தன்னா அவ கழுத்தில தாலி ஏறிரும். அதுக்குப் பெறவு நீ கோயில் மணிய அடிச்சு ஊரக் கூட்டி சொல்லு. நான் தடுக்க மாட்டேன்."

மூன்று ஞாயிறு பூசையில் சாமியார் பெண் பெயரையும் மாப்பிள்ளை பெயரையும் வாசித்து, இந்தக் கல்யாணத்துக்குத் தடை ஏதாவது அறிந்தவர்கள் வந்து சொல்லுங்கள் என்று கேட்பார். அதுதான் ஓலை. அந்த ஊரில் இதுவரை யாரும் போய் எதையும் சொன்னதில்லை. சொல்லத் தெரிந்தவர்கள் எல்லோரும் சொந்தக்காரர்கள்.

நாளை வாசிக்கப் போவது ஜஸ்டஸின் தங்கை அபினாவின் பெயரை. மாப்பிள்ளை பிரபின், முட்டத்தில் படகு இன்ஜின் மெக்கானிக். நல்ல பையன். அதனால்தான் கிரேசிக்கு இத்தனை பயம்.

ஜஸ்டஸுக்குக் கொஞ்ச நாளாகவே வெளிக்குப் போகும்போது ரத்தம் போய்க்கொண்டிருந்தது. வெயிலில் ஏறி ஏறி ஏசி கழுவுகிற உடம்பு, மூலமாக இருக்கும் என்று நினைத்தான். ஆஸ்பத்திரியில் மலையாளி டாக்டரம்மா டியூப் விட்டுப் பார்த்தாள். பெருங்குடல் முழுக்கப் பரு பருவாக, எண்ண முடியாத அளவுக்கு. அப்பா எதில் இறந்தார் என்று கேட்டாள். வயிற்றில் புற்று, வயது நாற்பத்தாறு என்றான். அப்பாவின் அக்காவும் அப்படித்தான், அவளுக்கு நாற்பதுகூட ஆகவில்லை. டாக்டரம்மா அவன் வாயைத் திறக்கச் சொன்னாள். மேல்வரிசைக்குப் பின்னால் கூடுதலாக முளைத்திருந்த பல்லை டார்ச் அடித்துப் பார்த்தாள்.

"இது வீட்டில ஆர்க்கெல்லாம் உண்டு?"

அவனுக்குச் சிரிப்பு வந்தது. அது அவர்கள் குடும்பத்து ரெட்டைப்பல். அது உள்ளவன் வள்ளத்தில் ஏறினால் மீன் ஏறும் என்று கடற்கரையில் பேச்சு. அவன் அப்பா சகாயத்தைக் கூப்பிட்டுக்கொண்டு போக வள்ளக்காரர்கள் போட்டி போடுவார்கள். அப்பா அடக்கத்துக்கு வந்தவர்கள்கூட ஜஸ்டஸின் வாயைப் பார்த்துவிட்டு, அப்பனை அப்படியே உரிச்சு வச்சிருக்கான் என்று சொல்லி அழுதார்கள்.

"சிலருக்கு அந்தப் பல்லும் இந்தப் பருவும் ஒரே இடத்திலிருந்து வருந்ததாணு," என்றாள் டாக்டரம்மா. ரத்தம் எடுத்து எங்கேயோ அனுப்பினாள். வியாழக்கிழமை பதில் வந்தது. அவள் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து சொன்னாள். ஜீன் எல்லாம் இரண்டு வீதம். ஒன்று அப்பன் தந்தது, ஒன்று அம்மை தந்தது. அப்பன் தந்த ஒன்றில் ஒரு சின்னப் பிழை. குடலுக்குள் தோல் வளரும்போது "போதும், நிறுத்து" என்று சொல்ல வேண்டிய ஆள் அது. அந்த ஆள் வேலை செய்யவில்லை. இப்படியே விட்டால் இந்தப் பருவில் ஒன்று புற்றாகாமல் போகாது. இப்போதே பெருங்குடலை எடுத்துவிட்டால் பிழைப்பான்.

"தங்கச்சி உண்டோ? அவளைக் கொண்டுபோய் காணிக்கணும். பாதிக்குப் பாதி சான்ஸ். காசு சுண்டுந்த மாதிரி."

அந்தக் காசைத்தான் சுண்ட வேண்டாம் என்று கிரேசி சொல்லிக்கொண்டிருந்தாள்.

"உங்கப்பா செத்தது மண்ணால. ஊரே அதத்தான் சொல்லுது. நீ இப்ப புதுசா ரத்தம் அது இதுன்னு கிளப்பாத மக்கா."

அந்தக் கடற்கரையில் கறுப்பும் சிவப்புமாக அலை கொண்டுவந்து ஒதுக்குகிற மண்ணில் கதிர்வீச்சு இருக்கிறது என்பது பள்ளிப் பிள்ளைக்கும் தெரியும். யாருக்குப் புற்று வந்தாலும் மண்ணு என்பார்கள். மண் ஊருக்கெல்லாம் பொது. அதனால் பெண் பார்க்க வருகிறவர்கள் அதைக் குறையாக எடுப்பதில்லை. ரத்தத்தில் ஓடுகிறது என்றால் கதை வேறு. காப்பியைக்கூடக் குடிக்காமல் எழுந்து போய்விடுவார்கள். அப்படித்தான் ஒவ்வொரு சாவையும் மண்ணின் கணக்கில் எழுதினார்கள். மண் வாய் திறந்து மறுக்கவா போகிறது?

"அவளுக்கு வராது," என்றாள் கிரேசி. "அவளுக்கு ரெட்டைப்பல்லு இல்லியே! உங்கப்பனுக்கு உண்டும், உனக்கு உண்டும், செத்துப்போன அத்தைக்கும் உண்டும். அபினாவுக்க பல்லு எனக்க பல்லாக்கும். நான் விளக்கு அடிச்சுப் பாத்தாச்சு."

"பல்லு இல்லாதவியளுக்கும் வரும்! ரத்தம் எடுத்துப் பாத்தாதான் தெரியும். நீ என்ன டாக்டரா, விளக்கு அடிச்சுப் பாக்க?"

"நான் சொன்னா நீ கேக்க மாட்ட. இரி, சித்தப்பாவ சேக்கியேன்."

ததேயுஸ் அப்பாவின் தம்பி. மகள் லிஜாவைக் கட்டிக்கொடுத்தாயிற்று. மைக் பழகிய குரல். மண் தோண்டுவதை எதிர்த்து எந்தக் கூட்டம் நடந்தாலும் முதலில் பேசுகிறவர் அவர்தான். அண்ணன் செத்தபிறகு அந்த வீட்டுக்கு நல்லது கெட்டது பார்த்ததும் அவர்தான். பிரபினை மாப்பிள்ளையாகக் கொண்டுவந்ததும் அவரே. பரு விஷயத்தைக் கிரேசி அவரிடம் ஏற்கெனவே சொல்லியிருந்தாள்.

"மக்கா, ஜஸ்டஸே," என்று ஆரம்பித்தார். "பேடிக்காத. இதெல்லாம் இப்போ ஒரு விசயமே இல்ல, கேட்டியா? பெருங்குடல எடுத்துட்டு சிறுகுடல கீழ இழுத்துத் தச்சிருவான். முதல் ஒரு வருசம் அடிக்கடி கக்கூசுக்கு ஓடணும். பெறவு சரியாயிரும். தேங்கா அரைச்ச கறி மட்டும் ராத்திரி ஆவாது. பாக்கி எல்லாம் திங்கலாம், கடலுக்கும் போலாம். இதுக்குப் போயி ஒரு கொமருக்க கல்யாண காரியத்த கெடுக்கணுமா?"

ஜஸ்டஸ் ஃபோனை மறு காதுக்கு மாற்றினான்.

"சித்தப்பா."

"சொல்லு மக்கா."

"குடல எடுக்கணும்னு நான் உங்ககிட்ட சொல்லல்லியே. அம்மகிட்டயும் சொல்லல்ல. பயந்துருவான்னு விட்டுட்டேன்."

மறுமுனையில் மீன் வண்டியின் ஹாரன் மட்டும் கேட்டது.

"யூடியூபில பாத்தேன்," என்றார் ததேயுஸ்.

"தேங்கா அரைச்ச கறி ராத்திரி ஆவாதுன்னு எந்த யூடியூபில உண்டு?"

கிரேசிதான் பேசினாள். அவ்வளவு நேரம் கெஞ்சிக்கொண்டிருந்த குரல் திடீரென்று காய்ந்துபோயிருந்தது.

"ததேயுஸே. எட்டு வருசத்துக்கு முன்னால திருவந்தரத்தில மூலத்துக்கு ஓப்பரேஷன்னு கிடந்தியே. தூக்குப் போணியில கஞ்சி கொண்டு பஸ்ஸில வந்தேனே நானு. அது மூலமா?"

"மைனி... அப்போ லிஜாவ பெண்ணு பாக்க ஆளு வந்துட்டு இருந்தது."

"நான் கேட்டது அதுவா?"

"மூலம் இல்ல மைனி."

"டாக்டர் என்ன சொன்னான்?"

"கூடப்பிறந்தவியள கூட்டிட்டு வரச் சொன்னான். சொல்லணும்னுதான் இருந்தேன். லிஜா கல்யாணம் முடியட்டும்னு இருந்தேன். முடிஞ்சபெறவு அவ மாசமா இருந்தா. பெறவு அண்ணனுக்கு..."

"அவிய அதுக்குப் பெறவு மூணு வருசம் ஜீவனோட இருந்தாவ," என்றாள் கிரேசி. "உனக்க கூட ஒரே வள்ளத்தில வந்தாவ. வயித்த பிடிச்சுட்டு வள்ளத்தில சுருண்டு கிடந்தாவன்னு நீதானே வந்து சொன்ன."

ஜஸ்டஸ் எழுந்து நின்றான். கொடியில் துணி காயப்போட்டுக்கொண்டிருந்த பெங்காலி திரும்பிப் பார்க்கிற அளவுக்குக் கத்தினான். "அடக்கத்தில மைக்கு பிடிச்சு, எனக்க அண்ணன இந்த மண்ணு கொன்னுட்டுதேன்னு நெஞ்சில அடிச்சு பேசுனீரே வே! நானும் அழுதேன். உம்ம தோளில சாஞ்சு அழுதேன். நீரு உம்ம குடல அறுத்துப் போட்டுட்டு நின்னு அழுதீரு! வெக்கமா இல்ல உமக்கு? லிஜாவுக்காவது சொன்னீரா?"

"அவளுக்கு ரெட்டைப்பல்லு இல்ல," என்றார் ததேயுஸ், மிகச் சின்னக் குரலில்.

கிரேசி அழைப்பைத் துண்டித்தாள். கொஞ்ச நேரத்தில் அவளே திரும்பக் கூப்பிட்டாள். "அபினாகிட்ட நீ சொல்லு. எனக்கு நாக்கு எழும்பல்ல," என்று மட்டும் சொல்லிவிட்டு வைத்தாள்.

அபினா கல்யாணச் சட்டைக்கு அளவு கொடுக்கத் தையல்கடையில் இருந்தாள். "என்ன அண்ணே, சட்டைக்கு கை நீளமா, குட்டையான்னு கேக்கவா கூப்பிட்ட?" என்று சிரித்தாள். அவன் எப்படித் தொடங்குவது என்று தெரியாமல் டாக்டரம்மாவிலிருந்து தொடங்கி, பருவுக்கு வந்து, அப்பாவுக்குப் போய், சித்தப்பாவில் முடித்தான். தையல் மெஷின் சத்தம் தூரமாகிக்கொண்டே போனது. வெளியே நடந்து வந்திருக்க வேண்டும்.

"எனக்கு எப்போ சொல்லணும்னு நினைச்ச?"

"இப்போதான் சொல்லுகேன் மோளே."

"வியாழக்கிழமையே தெரியும் உனக்கு. அம்மாகிட்ட சொன்ன. சித்தப்பாகிட்ட சொன்ன. எனக்க வயித்த பத்தி நீங்க மூணு பேரும் கான்பரன்ஸ் போட்டு பேசியிருக்கிய. கடைசியில எனக்கு! நீயும் சித்தப்பாவும் ஒண்ணுதானா?"

அந்தக் கேள்வி அவனைக் கன்னத்தில் அறைந்தது.

"எனக்கு உண்டா இல்லியான்னு எப்படித் தெரியும்?"

"ரத்தம் கொடுக்கணும். உனக்க டாக்டருக்கு காட்ட எனக்க ரிசல்ட் அனுப்புகேன்."

"திங்கக்கிழமை போறேன். பிரபின்கிட்ட நான் சொல்லிக்கிடுவேன். வேற எவனும் வாய் திறக்காண்டாம். அம்மா ஒருக்க, சித்தப்பா ஒருக்க, நீ ஒருக்கன்னு அவியகிட்ட போய் நிக்காதிய." அப்புறம் குரலைத் தாழ்த்தினாள். "உனக்கு எப்போ அறுக்கணும்?"

அவனிடம் அதை யாரும் அதுவரை கேட்டிருக்கவில்லை. அவனும் தன்னையே கேட்டுக்கொள்ளாமல் இருக்கத்தான் இரண்டு நாளாகக் கத்திக்கொண்டிருந்தான்.

"அடுத்த மாசம் வாறேன். லீவு தருவானோ, விசாவே போயிருமோ தெரியல்ல. பேடியா இருக்குட்டி."

"வா. ரெண்டு பேருமா போலாம்," என்றாள்.

வெயில் தாழ்ந்து டேங்கின் நிழல் மாடியைத் தாண்டிப் போனபிறகு அவளிடமிருந்து குரல் பதிவு வந்தது. "அண்ணே, அவியகிட்ட சொல்லியாச்சு. கேட்டுட்டு கடல பாத்துட்டே இருந்தாவ. பெறவு, ஓலை வாசிக்கட்டும், எனக்கு ஒண்ணும் இல்லன்னு சொன்னாவ. நான்தான் கேக்கல்ல. இப்போ சொல்லுகது இரக்கத்தில சொல்லுகதா இருக்கும். கோயிலுக்குப் போயி சாமியார்ட்ட ஓலைய நிறுத்தி வைக்கச் சொல்லிட்டேன். யாரு தடை சொன்னாவன்னு கேட்டாரு. நான்தான் சாமின்னு சொன்னேன். ரிசல்ட் வரட்டும். தெரிஞ்சுக்கிட்டே அவிய வந்தா வரட்டும். நீ மத்தவியளுக்கு எழுது. ஆனா எனக்க பேரு அதில வரக்கூடாது."

ஜஸ்டஸுக்கு ஃபோனில் தமிழ் தட்டத் தெரியாது. வாயால் சொன்னால் ஃபோனே எழுதிக்கொள்ளும். ஆனால் கத்தினால் அதற்குப் பிடிபடாது, ஊர்ப்பேச்சும் பிடிபடாது. கோயிலில் வாசகம் வாசிப்பதுபோல நிறுத்தி நிறுத்திச் சொல்ல வேண்டும். நெஞ்சு கிடந்து கொதிக்க, ஒவ்வொரு வார்த்தையாக ஆற்றி ஆற்றிச் சொன்னான். குடும்ப குரூப்பில் போட்டான். சற்று நேரத்தில் அது காணாமல் போனது. குரூப்புக்கு அட்மின் ததேயுஸ். அவர் அதை அழித்துவிட்டு அவனையும் வெளியே தள்ளியிருந்தார்.

அவன் மறுபடி டேங்கில் சாய்ந்து உட்கார்ந்தான். இந்தத் தடவை ஒவ்வொருவர் பேரையும் தேடித் தேடி, தனித்தனியாக அனுப்பத் தொடங்கினான்.

"நான் சகாயத்தின் மகன். என் அப்பா செத்தது மண்ணால் இல்லை. மண்ணைப் பற்றிக் கேட்க வேண்டியதைக் கேளுங்கள், கூட்டத்துக்கு நானும் வருவேன். இது வேறு. இது நம்முடைய ரத்தத்தில் வருகிறது. ஆண் பெண் பார்க்காது, பல் இருக்கிறதா என்று பார்க்காது. எனக்கு வந்திருக்கிறது. முதலிலேயே கண்டுபிடித்தால் பிழைக்கலாம். ததேயுஸ் சித்தப்பா பிழைத்திருக்கிறார், அவரிடமே போய்க் கேளுங்கள். நீங்களும் உங்கள் பிள்ளைகளும் டாக்டரிடம் காட்டிப் பாருங்கள். லிஜா அக்காவின் நம்பர் என்னிடம் இல்லை. இதை வாசிக்கிறது யாராக இருந்தாலும், தயவுசெய்து இன்றைக்கே அவள் வீட்டுக்குப் போய், இந்த ஃபோனை அவள் கையில் கொடுத்து வாசிக்கச் சொல்லுங்கள்."