செங்கை போர்டின் ஸ்தாபகர்

மாமல்லபுரத்துக் கடலோர ஓட்டல் ஒன்றில் கிருபாகரனுக்கு மாலை போட்டார்கள். 'செங்கை போர்டின் ஸ்தாபகர்' என்று கேடயத்தில் பொறித்திருந்தது. முன்வரிசையில் இருந்த பிரிசில்லாவுக்குச் சிரிப்பும் வந்தது, வயிறும் எரிந்தது.

இவனா ஸ்தாபகர்? எச்சில் கையால் காக்கை ஓட்டாத பயல்!

இண்டர்நெட் வீடுகளுக்கு வருமுன், செங்கல்பட்டில் தன் வீட்டுக் கம்ப்யூட்டரைத் தொலைபேசியோடு இணைத்து, 'செங்கை போர்டு' என்ற கம்ப்யூட்டர் அறிவிப்புப் பலகையை நடத்தியவள் பிரிசில்லா. கம்ப்யூட்டரைப் போன் லைனோடு சேர்க்கும் மோடத்திலிருந்து அவள் வீட்டு நம்பருக்குப் போட்டால் உள்ளே வரலாம். செய்தி எழுதலாம், ஃபைல் எடுக்கலாம். இருந்தது ஒரே லைன், அதனால் ஒரு சமயத்தில் ஒரே ஆள்தான். ஆளுக்கு ஒரு நாளைக்கு அரைமணி நேரம். முடிந்தால் போர்டே கழுத்தைப் பிடித்து வெளியே தள்ளிவிடும். மூன்று ஃபைல் இறக்கினால் பதிலுக்கு ஒன்றாவது ஏற்ற வேண்டும் என்பது சட்டம்.

எல்லோரும் ஏற்றினார்கள், கிருபாகரனைத் தவிர. போர்டு தடுத்ததும் அவளுக்குப் போன் பண்ணி அழுவான்.

"சிஸ்டர், இந்த ஒரு வாட்டி மட்டும் மாத்தி வுடுங்க. அடுத்த வாரம் ஏத்திடறேன்."

சர்ச்சில் பார்க்கும் முகமாயிற்றே என்று அவளும் தடையை எடுத்துவிடுவாள். அந்த அடுத்த வாரம் நாலு வருஷமாக வரவில்லை. அதற்குள் இண்டர்நெட் வந்து போர்டையே மூடியாயிற்று. அந்த இளிச்சவாய்த்தனத்துக்கு அவள் இன்றைக்கும் தன்னைத்தான் திட்டிக்கொள்வாள்.

போன வாரம் மறுபடி போன். "சிஸ்டர், அந்தப் பழைய கம்ப்யூட்டர் பொட்டி இன்னும் உங்க வூட்ல கீதா? பழைய மெம்பருங்கள்லாம் கூடறோம். எடுத்துகினு வாங்க."

தன் பெயரையும் ஒருதரம் மேடையில் சொல்வார்கள் என்று நம்பி, பெட்டியைத் தானே பழுது பார்த்து, ஆட்டோவில் மடியில் வைத்துக் கொண்டுவந்தாள். கிருபாகரன் மைக்கில் சொன்னது இவ்வளவுதான்: "பொட்டி கொண்டாந்த சிஸ்டருக்கு நன்றி."

பிறகு பெட்டியை அரங்கத்துப் பெரிய திரையோடு இணைத்தார்கள். போர்டு பெயர் கேட்டது. கிருபாகரன் பெருமை தாங்காமல் தன் பெயரையே தட்டினான். பழைய ஸ்கூட்டர் நம்பர்தான் பாஸ்வேர்டு, அதுவும் ஞாபகம் இருந்தது. உள்ளே வருகிற ஒவ்வொருவருக்கும் போர்டு முதலில் எதைக் காட்டும் என்பதுதான் மறந்துபோயிருந்தது.

கிருபாகரன். தகுதி: சாதாரண உறுப்பினர். இறக்கியவை: 412. ஏற்றியவை: 0.

"இன்னா அண்ணாத்த, நீ ஒண்ணுகூட ஏத்தலயா?" என்று பின்வரிசையிலிருந்து பழைய உறுப்பினர் ஜான்சன் கத்தினார். அரங்கம் சிரித்தது.

கிருபாகரனுக்கு வேர்த்துக் கொட்டியது. சட்டைக் காலரில் மைக் இருப்பதையும் மறந்து மேடை விளிம்புக்கு வந்து குனிந்தான்.

"சிஸ்டர், இந்த ஒரு வாட்டி மட்டும் மாத்தி வுடுங்க."

ஒலிபெருக்கி அதை அப்படியே ஊருக்குச் சொன்னது. சிரிப்பு நின்றது.

"போர்டு நடத்தறவங்களாலதானே அத மாத்த முடியும்?" என்றார் ஜான்சன். அத்தனை தலையும் பிரிசில்லா பக்கம் திரும்பியது.

அவள் மேடையேறினாள். வேண்டாத ஆளின் தொடர்பை வெட்ட நடத்துபவருக்கென்றே ஒரு விசை உண்டு. நாலு வருஷம் அவள் தொடாத விசை. அதை அழுத்தினாள். திரையிலிருந்து கிருபாகரன் போனான்.

"லைன் ஃப்ரீ," என்றாள் பிரிசில்லா. "அடுத்த ஆள் வாங்க."