வியானா கப்பலின் மரச்சாவி

“கீழே இருக்கிற பசங்களுக்குக் கிடையாதுன்னா மேலே இருக்கிறவங்களுக்கும் கிடையாது. வேற ஆளைப் பாருங்க கேப்டன்” என்று சொல்லி, எவரிஸ்தோ பஞ்சுத் தாடியைக் கழற்றி மேசைமேல் வைத்தார்.

‘வியானா’ கப்பலின் முடிதிருத்துநர் அவர். நிலநடுக்கோட்டைத் தாண்டும் நாளில் கடலரசன் வேடம் போடுவதும் அவர்தான். முதல்முறை தாண்டுகிறவர் யாரானாலும் முகத்தில் நுரை பூசி, மரக்கத்தியால் வழித்து, மேல்தளத்து நீச்சல்குளத்தில் தள்ளுவார். பிரேசிலுக்குப் பிழைக்கப் போனவர்களை வியானா ஏற்றிச்சென்ற காலத்தில் ஏழை விவசாயியும் சீமாட்டியும் ஒரே குளத்தில்தான் விழுந்தார்கள். இப்போது அங்கோலாவில் போர். சரக்கறைகளில் அடுக்குக் கட்டில் போட்டு, லிஸ்பனிலிருந்து அங்கோலாவுக்குச் சிப்பாய்களை அடைத்துப் போனார்கள். கீழே புழுக்கம், வாந்தி நாற்றம். அதிகாரிகளுக்கோ முதல் வகுப்பு. சடங்கும் அதிகாரிகளுக்கு மட்டும் என்று கர்னல் தாவொரா உத்தரவு போட்டிருந்தார்.

கர்னலைப் பகைத்தால் உன் வேலை போய்விடும் என்று கேப்டன் மெஸ்கித்தா தணிந்த குரலில் சொன்னார். எவரிஸ்தோ கொஞ்சம் யோசித்தார். பிறகு சிரித்துக்கொண்டே தாடியை மாட்டிக்கொண்டார்.

மதியம், வழக்கப்படி, கேப்டன் மரச்சாவியைக் கடலரசன் கையில் கொடுத்தார். சடங்கு முடிந்து சாவி திரும்பும்வரை கப்பலில் கடலரசன் சொல்தான் சட்டம். அதிகாரிகள் கை தட்டினார்கள்.

“சரக்கறை மூடியெல்லாம் திறங்கடா. ஒருத்தன் பாக்கியில்லாம மேலே வரட்டும். அதிகாரிங்க வரிசையில கடைசி.”

கைதட்டல் நின்றது. மாலுமிகள் இதற்காகவே காத்திருந்ததுபோல ஓடினார்கள். சிப்பாய்கள் வெயிலில் கண்கூச ஏறிவந்தார்கள். உடனே நிறுத்தச் சொல்லிக் கர்னல் கேப்டனிடம் பாய்ந்தார்.

“சாவி அவர்கிட்ட இருக்கு, கர்னல். நான் இப்போ வெறும் பயணி.”

மலைக்கிராமத்துச் சிப்பாய் ஒருவன் குளத்திலிருந்து தலையைத் தூக்கி, “ராஜா, இன்னொரு முக்கு முக்குங்க, நாத்தம் போகல” என்றான்.

எவரிஸ்தோ அவசரப்படவே இல்லை. ஒவ்வொருவனுக்கும் மாப்பிள்ளைச் சவரம். அன்று கால்வாசிப் பேர்கூட முடியவில்லை. மூடிகளைப் பூட்ட வந்தவனிடம், சடங்கு இன்னும் முடியவில்லை என்று சொல்லித் திருப்பி அனுப்பினார். சிப்பாய்கள் மேல்தளத்திலேயே காற்றாடப் படுத்துத் தூங்கினார்கள். மறுநாளும் அப்படித்தான். அதிகாரிகளும் ஒவ்வொருவராகக் குளத்தில் விழுந்தார்கள். லுவாண்டா கண்ணுக்குத் தெரிந்தபோது ஒரே ஒருவர்தான் பாக்கி.

“வாங்க கர்னல், முகத்தைக் காட்டுங்க. உங்களோட முடிச்சுக்கலாம்.”

கர்னல் முகத்தைத் திருப்பிக்கொண்டு போய்விட்டார். லுவாண்டாவிலேயே எவரிஸ்தோவை வேலையிலிருந்து நீக்கி இறக்கிவிடவும் செய்தார். எவரிஸ்தோ தாடியோடுதான் இறங்கினார், இடுப்பில் சாவி. கேப்டன் அதைத் திருப்பிக் கேட்கவில்லை.

வியானா பிறகும் பல ஆண்டுகள் சிப்பாய்களைச் சுமந்தது. போர் முடிந்ததும் அங்கோலாவை விட்டுக் கிளம்பிய போர்ச்சுகீசியக் குடும்பங்களை அள்ளிக்கொண்டு லிஸ்பன் வந்தது. அப்புறம் யாரோ விற்க, யாரோ வாங்க, உடைக்க இழுத்துப் போனார்கள். சாவி மட்டும் இன்னும், எவரிஸ்தோ பிறகு திறந்த சலூனில், கண்ணாடிக்கு மேலே தொங்குகிறது. கர்னல் முகத்தில் நுரை படவே இல்லை, சடங்கு முடியவே இல்லை. அப்படியானால் அந்தக் கப்பலை உடைக்க உத்தரவு போட வேண்டியவர் யார்? நீங்களே சொல்லுங்களேன்.