சுவரோரக் கதிரை

குருக்கள்மடத்தில் முதல் ஆட்டம். யாரும் கோல் போடாமலே முடிந்துவிடும் போலிருந்த நேரத்தில், கோல் கம்பங்களுக்கு நடுவில் நின்ற கிளென் தொண்டை கிழியக் கத்தினான்.

"கோகுல், கிறுகு! கிறுகு!"

மட்டக்களப்பில் திரும்பு என்பதைக் கிறுகு என்றுதான் சொல்வார்கள். பின்வரிசையில் இடப்பக்கம் நின்ற கோகுலராஜ் கிறுகவில்லை. அவன் முதுகுக்குப் பின்னால் ஓடிவந்த எதிரணிப் பையன் பந்தை ஆறுதலாக வலைக்குள் தட்டிவிட்டான்.

"டேய், நீ என்ன தென்னங்குத்தியா? எத்தனை தரம் கூப்பிட்டன்?"

"கவனிக்கல்ல மச்சான்," என்றான் கோகுலராஜ், நிலத்தைப் பார்த்தபடி.

யுத்தம் முடிந்த ஆண்டு அது. வாவிக்கரையில் இருந்த அந்தக் கல்லூரியின் உதைபந்தாட்ட அணிக்கு அந்தப் பருவத்தில் நான்கு ஆட்டங்கள். கடைசி ஆட்டம் வாகரையில். கோகுலராஜின் ஊர் அதுதான். விடுதியில் தங்கிப் படிக்கும் அவன் விளையாடுவதை அவனுடைய தகப்பன் கோணாமலை ஒருநாளும் கண்டதில்லை. முதலில் பாதை மூடிக் கிடந்தது. பாதை திறந்த பிறகு கடல்தொழில் அவரை விடவில்லை. ஆட்ட அட்டவணை வந்த அன்றே கோகுலராஜ் பக்கத்து வீட்டுப் போனுக்கு எடுத்துச் சொல்லியிருந்தான்: "அப்பா, நீங்க வரத் தேவையில்ல. நானே அங்க விளையாட வாறன்."

திரும்பி வரும்போது பஸ்ஸில் அணித்தலைவன் பதியுதீன் ஒரு காரணம் கண்டுபிடித்தான்.

"வாகரை திருகோணமலைப் பக்கம்தானே மச்சான். அவங்களுக்குக் கிறுகு எண்டால் விளங்காது. திரும்பு எண்டு சொல்லிப் பாரு."

இரண்டாவது ஆட்டம் கிரானில். பதினொரு பேரில் பத்துப் பேரும் "திரும்பு, திரும்பு" என்று கத்தினார்கள். வரம்பில் குந்தியிருந்து பார்த்த கிரான்காரருக்கு அது நல்ல பகிடியாகிவிட்டது. "திரும்பு தம்பி, திரும்பு! உங்கட பஸ் அங்காலதான் நிக்குது!" என்று அவர்களும் சேர்ந்துகொண்டார்கள். கோகுலராஜ் மட்டும் திரும்பவில்லை. அந்த ஆட்டத்திலும் அணி தோற்றது.

பயிற்றுவிப்பாளர் ஒஸ்வல்ட் சேர், கிளெனின் தகப்பன், நல்ல மனிதர். ஆனால் கோபம் வந்தால் சொல்லை எண்ணிப் பேசமாட்டார்.

"சொல்லுக் கேக்காத பிள்ளைக்கு என்ட அணியில இடமில்ல. சித்தாண்டியிலயும் இப்படி எண்டால் வாகரைக்கு நீ வரத் தேவையில்ல."

கோகுலராஜ் தலையாட்டிவிட்டுப் பஸ்ஸில் ஏறினான். ஊரைவிட்டு ஓடிய நாளில் பக்கத்தில் விழுந்த ஷெல், அவனுடைய வலது காதின் கேட்கும் சக்தியைக் கொண்டுபோய்விட்டது. அதற்குப் பிறகு படித்த பாடசாலையில் ஒருவர், "விசில் கேக்காதவனுக்கு விளையாட்டு என்னத்துக்கு?" என்று அவனை மைதானத்துக்கு வெளியே இருத்திவிட்டார். அன்றிலிருந்து அவன் அதை யாருக்கும் சொல்வதில்லை.

அடுத்த ஞாயிறு பூசைக்குப் பிறகு, கிளெனின் தாய் கிளாறிஸ் விடுதிப் பிள்ளைகள் மூன்று பேரைச் சாப்பிடக் கூப்பிட்டிருந்தா. ஒஸ்வல்ட் சேர் கோயில் கூட்டத்துக்குப் போயிருந்தார். சாப்பாட்டு மேசையின் ஒரு தலைப்பில், வலப்பக்கம் சுவரோடு ஒட்டினாற்போல் ஒரு கதிரை. அது கிளாறிஸுடையது. சுனாமித் தண்ணீர் மகள் ஜேமியைக் கொண்டுபோன அன்று, கிளாறிஸின் வலது காதுக்குள் சேறு அடைத்துப் புண்ணாகிப் பிறகு கேட்காமலே போய்விட்டது. சுவரோரம் இருந்தால் மேசையிலுள்ள எல்லாருடைய பேச்சும் நல்ல காதுப்பக்கம் வரும். வீட்டில் வேறு யாரும் அந்தக் கதிரையில் இருப்பதில்லை.

கோகுலராஜ் உள்ளே வந்தான். வெறுமையாய்க் கிடந்த ஆறு கதிரைகளையும் ஒருமுறை பார்த்தான். நேரே போய் அதில் இருந்தான்.

"டேய், அது மம்மிட..." என்று கிளென் தொடங்கினான்.

"விடு மகன்," என்றா கிளாறிஸ். அந்தப் பிள்ளை தலையை இலேசாகச் சாய்த்துப் பேச்சுக் கேட்கும் விதத்தை அவ கண்டுவிட்டா. வேறு கதிரையை இழுத்து அவனுக்கு இடப்பக்கம் இருந்து, செபம் சொல்லி, அவன் தட்டில் முதல் மீன் துண்டை வைத்தா. அவனிடம் ஒரு கேள்வியும் கேட்கவில்லை. கிளென் தாயைப் பார்த்தான், கோகுலராஜைப் பார்த்தான். இரண்டு பேருடைய தலையும் ஒரே பக்கம் சாய்ந்திருந்தது.

பின்னேரமே கிளென் பதியுதீனைத் தேடிப் போனான்.

"மச்சான், பின்வரிசையில உன்ட வலப்பக்கத்தைக் கோகுலுக்குக் குடு. நீ இடப்பக்கம் போ."

"விசராடா உனக்கு? என்ட இடது கால் செருப்புப் போட மட்டுந்தான் உதவும்."

கிளென் தன் வலது காதைத் தொட்டுக் காட்டினான். இடப்பக்கம் நிற்பவனுக்குக் கோல் காப்பவனின் குரல் வலது காதுப்பக்கமிருந்து வரும். வலப்பக்கம் நின்றால் இடது காதுக்கு வரும். பதியுதீன் குனிந்து தன் இடது காலைப் பார்த்தான்.

"அவன்கிட்ட ஒண்டும் கேக்காத," என்றான். "சேருக்கு நான் சொல்றன்."

சேருக்கு அவன் சொன்னது இதுதான்: "வலப்பக்கம் வெயில் கண்ணில குத்துது சேர்."

"இடைவேளைக்குப் பிறகு பக்கம் மாறினால் வெயில் முதுகிலதானே அடிக்கும்?"

"முதுகும் சுடும் சேர். எனக்கு வெயிலே ஒத்துக்கொள்ளாது."

அணி முழுக்கச் சிரித்தது. சித்தாண்டியில் கிளென் "கிறுகு" என்ற ஒவ்வொரு முறையும் கோகுலராஜ் கிறுகினான். அணி வென்றது. ஏன் என்று சேருக்கு விளங்கவில்லை.

வாகரையில் பாதி ஊர் மைதானத்தைச் சுற்றி நின்றது. கோணாமலை தோளில் துவாயோடு முன்னால் நின்றார். முதல் பாதியில் பதியுதீனின் இடது கால் பந்தைத் தவறவிட்டது; எதிரணி கோல் போட்டது. இடைவேளையில் ஒஸ்வல்ட் சேருக்குப் பொறுமை போய்விட்டது.

"வெயில் கதை காணும், விடு. பதியுதீன், உன்ட பக்கத்துக்குப் போ. கோகுல், நீ பழையபடி இடப்பக்கம்."

கோகுலராஜின் முகம் செத்துப்போனது. தகப்பன் பார்க்கும் ஒரே ஆட்டம். கிளென் வாயெடுக்கப் பார்த்தான். பதியுதீன் அவன் கையைப் பிடித்து அமர்த்தினான். அணியோடு வந்து தேத்தண்ணி ஊற்றிக் கொண்டிருந்த தன் மனைவி கிளாறிஸின் வலப்பக்கம் போய் நின்று, "என்ன, நான் சொல்றது சரிதானே?" என்றார் சேர்.

கிளாறிஸ் தலையைச் சாய்த்தா. "இங்கால வந்து சொல்லுங்க ஒஸ்வல்ட். அந்தக் காது கேக்காதெண்டு மறந்திட்டீங்களா?" அவர் இடப்பக்கம் வந்தார். அவ குரலைத் தாழ்த்தினா. "அண்டைக்குச் சாப்பிட வந்தநேரம் அந்தப் பிள்ளை என்ட கதிரையிலதான் போய் இருந்தது."

ஒஸ்வல்ட் சேர் கோகுலராஜைப் பார்த்தார். தலையை அதே மாதிரிச் சாய்த்துக்கொண்டு நின்றான். ஐந்து வருடமாகத் தினமும் தன் மேசையில் காண்கிற சாய்வு. சொல்லுக் கேட்காத பிள்ளை என்று தான் சொன்னது அவருக்கு ஞாபகம் வந்தது. அவனுக்கு இடப்பக்கமாகப் போய்த் தோளில் கையை வைத்தார்.

"நில்லு மனே, நிண்ட இடத்திலயே நில்லு," என்றார். "பதியுதீனுக்கு வெயில் ஒத்துக்கொள்ளாதாம்."

இரண்டாம் பாதியில் பதியுதீன் வலது காலால் தூக்கியடித்த பந்து எப்படியோ கோலானது. முடியும் நேரத்தில், முன்னேறி வந்த கிளெனைத் தாண்டி ஒரு பந்து உருண்டது.

"கிறுகு!"

கோகுலராஜ் கிறுகினான். கோட்டில் வைத்து அதைக் கடற்பக்கம் உதைத்தான். ஒன்றுக்கு ஒன்று. நடுவர் விசில் ஊதினார்.

கோணாமலை வந்து மகனின் இடப்பக்கம் நின்றார். பேச வந்த கிளென் நினைக்காமலே சுற்றிக்கொண்டு இடப்பக்கம் வந்தான். பின்னால் வந்த பதியுதீனும் அப்படியே. கோணாமலை அதைக் கவனித்தார்.

"இவங்களுக்குச் சொல்லிட்டியா மனே?"

"நான் ஒருத்தருக்கும் சொல்லல்லப்பா."

"சேர் கத்தினது கேட்டுது. இந்தத் தம்பிதானே உனக்கு வலப்பக்கத்தை விட்டது?"

"வெயில் ஒத்துக்கொள்ளாதாம்," என்றான் கோகுலராஜ். சொல்லும்போதே அவனுக்கு எல்லாம் விளங்கிவிட்டது.

கோணாமலை தோளிலிருந்த துவாயை எடுத்து உதறி, பதியுதீனின் தலையில் போட்டுக் கட்டிவிட்டார். வெயில் எப்போதோ தாழ்ந்திருந்தது. பஸ் மட்டக்களப்பு வந்து சேரும்வரை பதியுதீன் அதைக் கழற்றவில்லை.