மூக்கைத் துளைக்கும் நெடி

உண்மை குடியிருக்கும் ஒரே இடம் வேதியியல் ஆய்வகம். அங்கே மனிதன் பொய் சொன்னாலும் உப்பு பொய் சொல்லாது. பன்னிரண்டாம் வகுப்பு ஆய்வகச் சுவரில் இந்த வாசகத்தைக் கொட்டை எழுத்தில் எழுதிவைத்தவர் வேதியியல் ஆசிரியர், பிள்ளைகள் வாயில் நைட்ரிக் சார். மாதிரிச் செய்முறைத் தேர்வில் என்ன உப்பு வரும் என்று முந்தின நாளே வகுப்பில் சொல்லிவிட்டவரும் அவர்தான். தேர்ச்சி விகிதம் என்று ஒன்று இருக்கிறதே.

உப்பு, அமோனியம் குளோரைடு. சோடியம் ஹைட்ராக்சைடு விட்டுச் சூடாக்கினால் மூக்கைத் துளைக்கும் அமோனியா நெடி வர வேண்டும். பிள்ளைகள் பர்னரைப் பற்றவைக்கும் முன்பே நெடியை எழுதி முடித்துவிட்டார்கள்.

தையற்கடை அம்மாவின் மகள் மட்டும் சூடாக்கிப் பார்த்தாள். முகர்ந்தாள். ஒன்றுமில்லை. திரும்பவும் முகர்ந்தாள். ‘நெடி இல்லை’ என்று எழுதினாள்.

சார் அவள் தோளுக்கு மேலாக எட்டிப் பார்த்தார். ஒரு வாரமாகவே அவருக்கு மனசு சரியில்லை. ‘இங்கே எதையும் உண்ணக் கூடாது’ என்ற பலகைக்குக் கீழே உட்கார்ந்து மதியம் அவித்த முட்டை சாப்பிடுவது அவர் வழக்கம். இந்த வாரம் முட்டை நாக்கைச் சுள்ளென்று கடிக்கிறதென்று மூன்று கடை மாற்றிவிட்டார். முட்டைக்காரரோடு சண்டை வேறு.

“என்னம்மா இது? மூக்கடைப்பா?”

“இல்ல சார். நெடி வரல.”

“வரும். எழுது.”

“வந்தா எழுதறேன் சார்.”

“இதுல ஃபெயிலானா பெரிய பரீட்சைக்கு ஹால் டிக்கெட் கிடையாது, தெரியும்ல? உங்கம்மா மெஷின் மிதிச்சுப் படிக்க வைக்கிறாங்க.”

தெரியும். ‘சார்கிட்ட வாயக் குடுக்காதடி, உனக்குப் புண்ணியமாப் போகும்’ என்று அம்மா காலையில் சொன்னபோது அவள் சரியென்றுதான் தலையாட்டினாள். காலையில் அப்படித்தான் இருக்க நினைத்தாள்.

“நீங்களே மோந்து பாருங்க சார்.”

சார் குழாயை வாங்கிக் கண்ணை மூடி, ஞானம் பெறப்போகிறவர் மாதிரி மூச்சை இழுத்தார்.

“அப்பா! என்ன காரம்!” கைக்குட்டையால் கண்ணை ஒற்றிக்கொண்டார்.

“ஆமா சார், இங்க வரைக்கும் அடிக்குது” என்று முதல் பெஞ்சு இருமியது.

அவள் சிவப்பு லிட்மஸ் தாளை நனைத்துக் குழாயின் வாயில் பிடித்தாள். அமோனியா என்றால் நீலமாக வேண்டும். தாள் பெரியவர்களுக்கு மரியாதை கொடுக்கத் தெரியாமல் சிவப்பாகவே இருந்தது.

“லிட்மசுக்கும் மூக்கடைப்பா சார்?”

“அது... பழைய தாள்!”

“அப்ப தாளை சோதிச்சுடலாம். வேற உப்புல போட்டுப் பாக்கறேன்.”

அதில்தான் சிக்கல். பிள்ளைகள் பார்த்து எழுதிவிடக் கூடாதென்று, தேர்வுக்கு ஒரு வாரம் முன்பே எல்லாப் புட்டிகளிலிருந்தும் பெயர்ச்சீட்டை உரித்துவிடுவது சாரின் முறை. எதில் எது என்பது அவருக்கு மனப்பாடம். எல்லாம் ஒரே மாதிரிப் புட்டி, எல்லாம் வெள்ளைத் தூள். அதே மாதிரிப் புட்டி ஒன்று மூலை மேசையில் அவருடைய முட்டைக்குப் பக்கத்திலும் இருந்தது.

அவள் அந்த மூலைக்கு நடந்தாள்.

“ஏய், அது என் சாப்பாட்டு உப்பு! வைம்மா கீழ!”

“ஒரு சிட்டிகைதான் சார்.”

போட்டாள், விட்டாள், சூடாக்கினாள். முதல் பெஞ்சு மறுபடி இருமியது. இந்த முறை நிஜமாக. யாரோ ஓடிப்போய் ஜன்னலைத் திறந்தார்கள். லிட்மஸ் நீலமானது. சாரின் கண்ணில் கைக்குட்டை படாமலே தண்ணீர் கொட்டியது.

“அப்ப எனக்குக் குடுத்த உப்பு சோடியம் குளோரைடா சார்?”

சார் மூலை மேசையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“எழுதிக்கட்டுமா சார்?”

“எழுது.”

சிவப்பு மையில் முழு மதிப்பெண் போட்டுக் கையெழுத்திட்டார். நெடி அடித்ததாக எழுதிய மற்றவர்களுக்கும் அதே மதிப்பெண்தான். தேர்ச்சி விகிதம்.

முட்டையில் எந்தக் குறையும் இருந்ததில்லை.