மூவருக்கு ஒரு வேடம்

படப்பிடிப்பு தொடங்கிய வாரத்திலேயே மூன்று கிழவர்கள் ஒரே கிழவராகிவிட்டார்கள். அதே வாரம் தக்காளி விலையும் ஏறியிருந்ததால், ஊரில் முதலில் தக்காளியைப் பற்றித்தான் பேச்சு.

மூவரும் காலமான ஒரு பாடகரோடு ஊர் ஊராகச் சுற்றியவர்கள். ஒருவர் டிரம்ஸ் அடித்தார், ஒருவர் அக்கார்டியன் வாசித்தார், மற்றவர் வேன் ஓட்டினார். பாடகர் லேசுப்பட்டவர் அல்ல. அவர் மேல் ஸ்தாயிக்கு ஏறினால் நான்கு தெரு தள்ளியிருந்த பல் மருத்துவர் வீட்டில் ஆடிக்கொண்டிருந்த பற்களெல்லாம் தாமாகவே உதிரும். மருத்துவர் குறடை மூடி வைத்துவிட்டுப் பாட்டுக் கேட்பார். அப்படிப்பட்டவரின் வாழ்க்கையைப் படமாக்க வந்த இயக்குநர், நடந்ததையெல்லாம் பொறுமையாகக் கேட்டுத் தெரிந்துகொண்டார். பிறகு கதைக்கு ஒத்துவராததை ஒவ்வொன்றாக மாற்றினார். பாடகர் ஆயுள் முழுக்க அவதிப்பட்ட வயிற்றுப்புண் படத்தில் காதல் தோல்வியானது. அந்தப் புண்ணுக்கு மருந்து கொடுத்த கடைக்காரர், அன்று முதல் ஜன்னலோரம் நின்று பெருமூச்சு விடத் தொடங்கினார். பெருமூச்சில் மாத்திரை அட்டைகள் பறந்தன. இரண்டரை மணி நேரப் படத்தில் நாயகனுக்கு ஒரு நண்பன் போதும், ஆகவே உங்கள் மூவரையும் ஒரே பாத்திரமாகச் சேர்த்துவிடுகிறேன் என்று இயக்குநர் சொன்னபோது, மூவரும் உடனே தலையாட்டினார்கள். மிஞ்சப்போகும் அந்த ஒருவர் தாம்தான் என்று ஒவ்வொருவரும் நம்பியதே காரணம்.

முதலில் டிரம்ஸ்காரர் சுடச்சுடக் காப்பி குடித்தால் அக்கார்டியன்காரரின் நாக்கு வெந்தது. பிறகு டிரைவர் தும்மினால் மற்ற இருவரும் மூக்கைத் துடைத்தார்கள். வெள்ளிக்கிழமை ஒரே சட்டைக்குள் ஒருவர்தான் இருந்தார். மூவருக்குமே இல்லாத மீசை ஒன்று அவருக்கு இருந்தது. அது படத்தில் நண்பனாக நடித்தவரின் மீசை. இதிலும் ஊர் சமாதானமாகியிருக்கும். ஆனால் இயக்குநர் ஒன்றை விசாரிக்க மறந்துவிட்டார்: டிரம்ஸ்காரரின் கூடப்பிறந்த தங்கைதான் அக்கார்டியன்காரரின் மனைவி. தம்பதி மாடியில், அண்ணன் கீழே, கட்டைப் பிரம்மச்சாரியான டிரைவர் வேன் கொட்டகையை ஒட்டிய அறையில் என்று எல்லாரும் ஒரே வீட்டில் இருந்தார்கள். இப்போது அந்த அம்மா "என்னங்க" என்றாலும் அந்த ஆள் திரும்பினார், "அண்ணே" என்றாலும் திரும்பினார். மாடிக்கு வந்து கட்டிலில் உட்கார்ந்த மறுகணமே தேள் கொட்டியதுபோல் எழுந்து, கூச்சத்தோடு கீழே ஓடினார். கீழே போனதும் மனைவி ஞாபகம் வந்து மேலே ஏறினார். நடுவில் டிரைவர் தலைதூக்கினால் கொட்டகைக்குப் போய் வேன் டயரை உதைத்துப் பார்த்துவிட்டு வந்தார். ஏறி இறங்கி, ஏறி இறங்கி, படிகள் தேய்ந்து சறுக்குமரமாகின. பாதிப் படியில் நின்றபடி அவர் தமக்குத்தாமே, "மாப்ள, கொஞ்சம் ஒதுங்கி நில்லு," "நீ ஒதுங்கு மச்சான், இது என் வீடு," "ரெண்டு பேரும் சும்மா இருங்கப்பா, எனக்குத் தலை சுத்துது" என்று மூன்று குரலில் சண்டையிட்டார்.

அந்த அம்மாவுக்கு உட்கார்ந்தால் நிற்கத் தோன்றியது, நின்றால் நடக்கத் தோன்றியது. நடந்து நடந்து படப்பிடிப்பு நடந்த பழைய கிடங்குக்கே போய்விட்டார். கூடவே அந்த ஆளும் மூன்று விதமாக நொண்டிக்கொண்டு போனார்.

"தம்பி, என் புருஷனையும் அண்ணனையும் பிரிச்சுக் குடுத்துடுங்க. இந்த ஆளை நான் எங்க உக்கார வைக்கிறது?"

இயக்குநர் கெட்டவர் அல்ல. "உண்மை எனக்கும் தெரியும்மா. மூணு பேரு வந்தா படம் பாக்கறவங்க குழம்பிடுவாங்க," என்றார் கெஞ்சலாக.

"குழம்பட்டுமே! நான் வீட்ல குழம்பிக் கிடக்கேன்ல?"

இயக்குநர் அசையவில்லை. அப்போது பக்கத்தில் செயற்கை மழைக் குழாய்களை மாட்டிக்கொண்டிருந்தார்கள். பாடகரின் புகழ்பெற்ற பாட்டு, காதலியை இழந்து மழையில் நனையும்போது பிறப்பதாகக் காட்சி. அந்த அம்மா குழாய்களைப் பார்த்துத் தலையில் அடித்துக்கொண்டார். "மழையாவது ஒண்ணாவது! தாளம் ஓடுதுன்னு எங்க வீட்டுக்காரரு சொன்னாரு, அக்கார்டியன் நொண்டுதுன்னு எங்க அண்ணன் சொன்னாரு. அண்ணன் குச்சியை வீசினதுல இவருக்கு முன்பல்லு போச்சு. ரெண்டு பேர் வாயையும் அடைக்கத்தான் பாட்டுக்காரரு நடுவுல நின்னு பாட ஆரம்பிச்சாரு. அதுதான் அந்தப் பாட்டு."

இயக்குநரின் முகம் மலர்ந்தது. உண்மை என்பதற்காக அல்ல. மழையைவிடச் சண்டை நன்றாக இருந்தது. "ஒரு ஆள் தன்னோடயே சண்டை போட முடியாதே," என்று முணுமுணுத்தார். பிறகு, "சரி, ரெண்டு பேரு. மச்சான், மாப்பிள்ளை."

"டிரைவரண்ணன்தான் தம்பி டேப் ரிக்கார்டரைத் தட்டி அதைப் பதிவு பண்ணாரு. அவரு இல்லேன்னா அந்தப் பாட்டே இல்ல."

"அதை மாப்பிள்ளையே தட்டட்டும்மா. மூணு பேரு தாங்காது."

அந்த அம்மா வாயைத் திறந்தார். புருஷன் கிடைத்தாயிற்று, அண்ணன் கிடைத்தாயிற்று. இன்னும் ஒரு வார்த்தை பேசினால் இயக்குநர் மனம் மாறி மழைக்கே போய்விடுவாரோ என்று பயம். டிரைவருக்காக வந்து நிற்க வேறு யாரும் இல்லை. வாயை மூடிக்கொண்டார்.

புதுக் காட்சியைப் படமாக்கிய பகலில், நெரிசலான பஸ்ஸிலிருந்து இறங்குகிறவர்போல டிரம்ஸ்காரர் அந்த ஆளுக்குள்ளிருந்து பிதுங்கி வெளியே வந்தார். வந்தவர் முதலில் சொன்னது, "வேகத்தைக் கூட்டுனது நீதான்யா மாப்ள!" அந்த அம்மா இருவரையும் தொட்டுப் பார்த்து அழுதார். மூன்றாமவருக்காகக் கிடங்கில் எல்லாரும் சற்று நேரம் காத்திருந்தார்கள். பிறகு சாப்பாட்டு வண்டி வந்தது.

படம் ஓடியது. சண்டைக் காட்சியில் தட்டிய கைகளின் காற்றில் திரையே உப்பியது. டேப் ரிக்கார்டரைத் தட்டியவர் அக்கார்டியன்காரர் என்று பத்திரிகைகள் எழுதின, பிறகு பாடப்புத்தகமும் எழுதியது. ஐந்தாறு வருடங்களில் அப்படி ஒரு டிரைவர் இருந்ததே இல்லை என்று சத்தியம் செய்கிறவர்களும் கிடைத்தார்கள். அவரோ ஒரு வாரம் அக்கார்டியன்காரருக்குள்ளும் ஒரு வாரம் டிரம்ஸ்காரருக்குள்ளும் மாறி மாறிக் குடியிருந்தார். யாருக்குள் இருக்கிறாரோ அவர் தெருமுனையில் கையை வெளியே நீட்டித் திரும்புவார். நடக்கும்போது வாயிலிருந்து, "பாத்து, பள்ளம்" என்று வரும். மைத்துனர்கள் இருவரும் கடைசிவரை எந்தப் பள்ளத்திலும் விழவில்லை.

சாப்பாட்டு வேளையில் அந்த அம்மா இரண்டு தட்டு வைப்பார். பரிமாறும் முன் கரண்டியோடு நின்று, "டிரைவரண்ணே, இன்னிக்கு யார்கிட்ட இருக்கீங்க?" என்று கேட்பார். இருவரில் ஒருவருடைய இடது கை மெல்ல உயரும். அந்தத் தட்டில் மட்டும் இன்னும் ஒரு கரண்டி விழும்.