இடப்பக்கம் நான்கு பத்தி

எங்கள் ஊரில் யூதக் குடும்பங்கள் ஐந்து. பிள்ளைகளுக்கு எபிரேயம் சொல்லித்தர ஆள் வேண்டுமென்று கூட்டம் போட்டபோது நான் தண்ணீர் குடிக்கப் போயிருந்தேன். திரும்புவதற்குள் என்னை ஆசிரியனாக்கியிருந்தார்கள். மருந்துக்கடைக்காரனுக்கு எந்தக் கிறுக்கலும் படிக்க வரும் என்ற நம்பிக்கை. உயிரொலியைக் காட்டும் புள்ளி வைத்த பாடப்புத்தகம் என்றால் எப்படியோ எழுத்துக்கூட்டிவிடுவேன். தோரா என்ற வேதச் சுருளில் அந்தப் புள்ளி கிடையாது. அதன் முன்னால் நானும் வடக்கு டகோட்டா மாடுகளும் ஒன்றுதான்.

அந்தச் சனிக்கிழமை என் மாணவி தீர்சா முதன்முறையாகச் சபைமுன் வாசிக்க வேண்டும். அவள் கேட்டது ஒன்றுதான்: புத்தகத்திலிருந்து இல்லை, சுருளிலிருந்தே வாசிக்க வேண்டும். அதற்காகக் குளிர்காலம் முழுக்கப் புள்ளியில்லாமல் படித்துப் பழகியிருந்தாள். நகரத்துச் சபை ஒன்று தன் பழைய சுருளை இரவல் தந்தது. அந்த வாரத்துக்குரிய பகுதியைத் தேடித் திருப்பிவைக்க வேண்டியவன், ரபியாக, அதாவது மதகுருவாக, படித்துக்கொண்டிருந்த ஜோயல்; அவன் பனிப்புயலில் பாதிவழிப் பெட்ரோல் பங்கில் மாட்டிக்கொண்டான்.

போனில் வழி சொன்னான். சுருளில் ஒரு பாட்டு வருமாம், இடைவெளி விட்டு எழுதியிருக்குமாம், பார்த்ததும் தெரியுமாம். அங்கிருந்து இடப்பக்கம் நான்கு பத்தி.

சுருளைத் திறந்ததுமே பாட்டு கண்ணில் பட்டது. எனக்கே பெருமையாக இருந்தது. எண்ணினேன். மூன்றாவது பத்தியில் எழுதிய தோல் முடிந்து, அதைச் சுற்றிய வெறும் கட்டை வந்தது.

தீர்சா எட்டிப் பார்த்தாள். "மாமா, இது கடைசி. மோசே செத்தே போயிட்டார். என் பகுதியில அவர் இன்னும் மலையே ஏறல."

அப்படிப்பட்ட பாட்டு சுருளில் இரண்டு உண்டென்று ஜோயல் சொல்லவில்லை. அது தெரியாத ஆள் இருப்பான் என்று அவனுக்குத் தோன்றியிருக்காது.

அவள் அப்பா மெண்டல் ஒரு கட்டையையும் நான் ஒரு கட்டையையும் பிடித்துப் பின்னோக்கிச் சுற்றினோம். மெண்டல் ட்ராக்டர் பழுதுபார்ப்பவன், கை வேகம். நான் பயத்தில் இறுக்கிப் பிடித்தேன். செங்கல் அடுக்கியதுபோல் அந்த இன்னொரு பாட்டு தலைகாட்டிய நேரத்தில், இரண்டு தோல்களைச் சேர்த்த தையல் மேலிருந்து கீழ்வரை பிரிந்தது. சத்தம்கூடப் பெரிதாக இல்லை.

"வண்டியில மீன்பிடி நரம்பு இருக்கு," என்றான் மெண்டல்.

"சும்மா இருங்க," என்றாள் அவன் மனைவி ரோஸ்லின். "இதென்ன உங்க ட்ராக்டர் பெல்ட்டா?"

மறுபடி ஜோயலுக்குப் போன் செய்தேன். தையல் பிரிந்த சுருளில் வாசிக்கக் கூடாது, தைக்கத் தெரிந்தவர்தான் தைக்க வேண்டும், புத்தகத்தில் வாசிக்கட்டும், ஆனால் சுருளில் வாசிக்கும்போது சொல்லும் ஆசிமொழியைச் சொல்லக் கூடாது என்றான். சீட்டில்லாமல் மாத்திரை கேட்பவர்கள் என்னிடம் கெஞ்சுவதுபோல் கெஞ்சினேன். நான் அவர்களுக்குச் சொல்வதையே அவனும் சொன்னான்: சட்டம் நான் போட்டதில்லை.

"தெச்சுட்டு அடுத்த வாரம் வாசிக்கலாமா, மாமா?"

"அடுத்த வாரத்துக்கு வேற பகுதிம்மா. இது இனி அடுத்த வருஷந்தான்."

தலையாட்டினாள். அழுதிருந்தால் ரோஸ்லினுக்காவது செய்ய ஒரு வேலை கிடைத்திருக்கும்.

வாசிப்பு முடியும்வரை சுருளை யாராவது பிடித்துக்கொண்டிருக்க வேண்டும். என்னை உட்காரவைத்து மடியில் கொடுத்தார்கள். கன்றுக்குட்டி கனம். தீர்சா புத்தகத்தை விரித்து ராகம்போட்டு வாசிக்கத் தொடங்கினாள். பிழையே இல்லை என்று நினைக்கிறேன். என் சான்றிதழுக்கு என்ன மதிப்பு. பக்கத்தைப் பார்க்கவேயில்லை அவள். என் மடியில் இருந்ததைப் பார்த்தபடியே பாடினாள்.

நான் அதைக் கொஞ்சம் நிமிர்த்திப் பிடித்தேன்.