பொயிலருக்குப் பக்கத்தில் அரிசி மூடை

கையை உள்ளே விட்டால் தலை போகவில்லை. தலையை விட்டால் கை போகவில்லை. இரண்டையும் ஒன்றாக விட்டுப் பார்ப்போம் என்று கட்டிலடிப் பெட்டிக்குள் நுழைந்த தங்கராசாவுக்கு, தனக்கு வயிறு என்று ஒன்று இருப்பது அப்போதுதான் நினைவுக்கு வந்தது.

அவர் குப்புறக் கிடந்தது, மாசி மாதம் வாங்கிய பழைய வோன்மொபிலுக்குள். கட்டில், அடுப்பு, குளியலறை எல்லாம் உள்ளேயே இருக்கும் வண்டி. ஹாலேயில் படிக்கும் மகள் ஆதிரையைப் பார்க்க, ஜேர்மனியில் தாங்கள் குடியிருக்கும் கெல்சென்கிர்ச்சனிலிருந்து புறப்பட்டு, வழியில் ஹார்ட்ஸ் மலையடிவாரத்துக் காம்பிங் திடல் ஒன்றில் முதல் இரவைக் கழித்திருந்தார்கள். சித்திரை பிறக்கப் போகிறது என்று பேர்தான். விடிய எழும்பிப் பார்த்தால் புல்லெல்லாம் உறைபனி, வண்டிக்குக் கீழே குளம் மாதிரித் தண்ணீர். குழாயைத் திறந்தால் காற்றுத்தான் வந்தது. பம்ப் மட்டும் ஓயாமல் உறுமிக்கொண்டிருந்தது.

வண்டி வாங்கும்போது மனைவி மங்கையற்கரசி ஒரேயொரு நிபந்தனைதான் போட்டிருந்தாள். விடிய முழுகுவதற்கு வண்டிக்குள் சுடுதண்ணீர் இருக்கவேண்டும். முழுகாமல் அவள் அடுப்பு மூட்டமாட்டாள், திருநீறு பூசமாட்டாள், ஒரு வாய் தேத்தண்ணிகூடக் குடிக்கமாட்டாள். காம்பிங்கின் பொதுக் குளியலறைக்குப் போய், நாலு பேர் பார்க்க ஈரத்தலையோடு நடந்து வரவும் மாட்டாள். சுடுதண்ணீர் இல்லையென்றால் அவள் ரயிலில் ஏறுவாள், வண்டி விற்பனைக்குப் போகும். இதுதான் பேச்சு.

தங்கராசாவுக்கோ அந்த வண்டியில் உயிர். களஞ்சியத்துக்குள் காலமெல்லாம் ஃபோர்க்லிப்ட் ஓட்டியவருக்கு, முன்னால் சுவர் இல்லாமல் ஓட்டக் கிடைத்த முதல் வாகனம் அது. வீட்டு வாசலில் நிற்கும்போதுகூட, இரவுச் சாப்பாட்டுக்குப் பிறகு போய் ஸ்டியரிங்கைப் பிடித்தபடி சும்மா உட்கார்ந்திருப்பார். அதை வேறொருவன் ஓட்டிக்கொண்டு போவதை அவரால் நினைக்கவே ஏலாது.

“மத்தியானம் வரைக்கும்தான் பாப்பன்,” என்றாள் மங்கையற்கரசி. “பக்கத்துக் கோஸ்லாரிலை இருந்து ஹாலேக்கு ரெயின் இருக்காம்.”

தங்கராசாவுக்குக் கைவேலை தெரியாது என்று ஒருவரும் சொன்னதில்லை. சொல்ல அவர் விட்டதில்லை. அவர் பூட்டிய அலுமாரியின் கதவு சுவர்ப்பக்கம் திறக்கும். அவர் திருத்திய சலவை இயந்திரம், துணி பிழியத் தொடங்கினால் குளியலறை வாசல்வரை நடந்து வரும். இதெல்லாம் அவருக்கும் தெரியும். என்றாலும், ஒரு வேலைக்காரனைக் கூப்பிட்டுக் காசும் கொடுத்து, அவன் முன்னால் கைகட்டி நிற்க அவரால் ஏலாது. வண்டியை விற்ற கிழவர் வண்டியையும் தண்ணீரையும் சூடாக்கும் இந்தப் பொயிலரைப் பற்றி நீட்டி விளக்கத் தொடங்கியபோது, வசனத்துக்கு வசனம், ‘எல்லாம் விளங்குது’ என்ற பொருளில் ‘அலஸ் கிளார்’ என்று தலையாட்டி அவரைப் பாதியில் நிறுத்திய ஆள் இவர். டொச் என்ற ஜேர்மன் மொழியில் தங்கராசா தடங்கலில்லாமல் பேசும் சொற்கள் அவை இரண்டும்தான்.

முதல் வேலையாக, பொயிலருக்குப் பக்கத்தில் இருந்த அரிசி மூடையை இழுத்து வெளியே வைத்தார். ஹாலேயில் நல்ல அரிசி கிடையாது என்பது மங்கையற்கரசியின் முடிவு. அதற்கு வண்டியில் இடம் கண்டுபிடித்தது தங்கராசாவின் மூளை. பொயிலருக்குப் பக்கம் எப்போதும் சூடு, அரிசி ஈரம் பிடிக்காது என்று விளக்கம் சொல்லி, பொயிலருக்கும் வெளிச்சுவருக்கும் நடுவில் மூச்சு விட இடமில்லாமல் திணித்திருந்தார். ஆதிரைக்குப் போன் எடுத்துத் தன் கெட்டித்தனத்தைச் சொல்லியும் இருந்தார்.

பிறகு தொடங்கியது வைத்தியம். குழாய்கள் எல்லாம் பொயிலரின் பின்பக்கம் இருந்தன. இதைப் பொருத்தியவனுக்கு ஒன்றில் குழந்தைக் கை, இல்லையென்றால் பொயிலரை வைத்துவிட்டுப் பிறகுதான் அதைச் சுற்றி வண்டியைக் கட்டியிருப்பான். போனை உள்ளே விட்டுப் படம் எடுத்துப் பார்த்தார். முதல் படத்தில் அவருடைய பெருவிரல், இரண்டாவதில் காது. கடைசியில் தடவித் தடவியே ஒவ்வொரு இணைப்பையும் இறுக்கினார். எல்லாம் காய்ந்து கிடந்தன. ஒரு சொட்டு ஈரம் இல்லை. வெளியே குளம், உள்ளே வறட்சி. தண்ணீர்த் தாங்கியை நிரப்பிப் பம்பைப் போட்டால் தண்ணீர் மறுபடி வண்டிக்கடியில் ஊற்றியது.

இன்னும் ஆழத்தில்தான் கோளாறு என்று தீர்மானித்து, தோள்வரை கையைச் செலுத்தினார். போன கை திரும்பி வரவில்லை.

முன்னுக்குத் தள்ளினார், திருப்பினார், மூச்சை உள்ளே இழுத்தார். கைக்கும் மூச்சுக்கும் சம்பந்தமில்லை என்பது பிறகுதான் விளங்கியது. விழுந்தாலும் மீசையில் மண் ஒட்டவில்லை என்பார்கள். அவருடைய மீசையிலோ முந்திய சொந்தக்காரரின் நாய்மயிரே ஒட்டியிருந்தது. இந்தக் கோலத்தில் தீயணைப்புப் படை வந்து தன்னை வெட்டி எடுப்பதையும், அந்தச் செய்தி கெல்சென்கிர்ச்சன் கோயில் வாசலுக்குத் தன்னை முந்திப் போய்ச் சேர்வதையும் நினைத்துப் பார்த்தார். மனைவியைக் கூப்பிட்டார்.

மங்கையற்கரசி வந்தாள். அன்று சனிக்கிழமை. முழுக்குக்கென்று எடுத்து வைத்திருந்த நல்லெண்ணெய்ப் போத்தலைத் திறந்து, தோளிலிருந்து கீழே வழியவிட்டு, இடுப்பில் பிடித்து ஒரு இழுவை இழுத்தாள். கை வெளியே வந்தது. வரும் வழியில் முழங்கை எதிலோ ஓங்கி அடிபட்டு, ‘டிக்’ என்று ஒரு சத்தம் கேட்டது.

பம்ப் சற்று நேரம் உறுமி, அடங்கியது. வண்டிக்குக் கீழே ஊற்றுவதும் நின்றது. காகம் இருக்கப் பனம்பழம் விழுந்தது என்று தங்கராசாவின் உள்மனம் சொன்னது. ஆனால் அவருடைய வாய் அதற்குள், கடைசி இணைப்பில்தான் பிழை, இறுக்கிவிட்டேன் என்று அறிவித்துவிட்டது.

மத்தியானத்துக்கு முன்பே மங்கையற்கரசி முழுகினாள். தண்ணீர் நூல் மாதிரி வருகிறது என்று மட்டும் சொன்னாள். அதையும் அவர் பாராட்டாகவே எடுத்துக்கொண்டார். மிச்சமிருந்த பச்சைத் தண்ணீரில் எண்ணெய்க் கையைத் தேய்த்துப் பார்த்தார், போகவில்லை. அதனால் என்ன? நண்பர் சிவராமனுக்குப் போன் எடுத்து, அடைய முடியாத இடத்துக் குழாயை அடைந்த கதையைச் சொன்னார். நல்லெண்ணெய் அந்தக் கதையில் வரவில்லை. வண்டி திருத்தும் வேலைத்தலத்தில் கொடுத்தால் பொயிலரைக் கழற்றவே கூலி கேட்பார்கள் என்று சிவராமன் வியந்தார். அன்றிரவும் அங்கேயே தங்குவதென்று முடிவாக, மாலையில் தங்கராசா அரிசி மூடையை எடுத்து, பழைய இடத்தில், முன்னிலும் இறுக்கமாகத் திணித்துவிட்டுப் படுத்தார்.

விடியும் முன்னே பம்பின் உறுமலில் கண் விழித்தார். கீழே குளம்.

மங்கையற்கரசி அசையாமல் படுத்திருந்தாள். சத்தமில்லாமல் பம்பை நிறுத்தினார், பெட்டியைத் திறந்து மூடையை இழுத்தார். பொயிலர்ப் பக்கம் வெதுவெதுப்பு. சுவர்ப்பக்கம் அரிசி பனிக்கட்டியாகக் குளிர்ந்திருந்தது. மூடை இருந்த இடத்துக்குப் பின்னால், சுவரோரமாக, ஒரு சின்னக் குமிழ் துருத்திக்கொண்டு நின்றது. அமுக்கினார், ‘டிக்’ என்றது. நேற்றுக் கேட்ட அதே ‘டிக்’. கையை எடுத்ததும் குமிழ் திரும்பத் துள்ளி வெளியே வந்தது.

குளிர் என்றும் குமிழ் என்றும் கிழவர் சொல்லிப் பாதியில் விட்ட வசனத்தின் மிச்சம் அப்போது அவருக்குத் தானாக விளங்கியது. குளிர் கூடினால் இந்த வால்வு தானாகத் திறந்து தண்ணீரையெல்லாம் வெளியேற்றிவிடும், உறைந்து பொயிலர் வெடிக்காமல் இருப்பதற்காக. சூடு பிடித்த பிறகுதான் அமுக்கினால் நிற்கும். ஆக, ஒன்றும் உடைந்திருக்கவில்லை. பொயிலர் தன் வேலையை ஒழுங்காகப் பார்த்தது. சூடு வரும் வழியை அரிசியால் அடைத்தவரும் இவர், அடைத்ததை எடுத்ததும் தானாகச் சரியானதற்கு மாலை போட்டுக்கொண்டவரும் இவர். நாடகத்தில் கள்ளனும் பொலிசும் ஒரே ஆள்.

பெட்டி சூடாக நேரமெடுக்கும். அவள் எப்போதும் எழும்பும் நேரம் நெருங்கிவிட்டது. தங்கராசாவுக்கு உண்மையிலேயே பயம் பிடித்தது. துணி ஊறவைக்கக் கொண்டுவந்த வாளியைத் தூக்கிக்கொண்டு பொதுக் குளியலறைக்கு நடந்தார். சுடுதண்ணீரை விளிம்புவரை நிரப்பினார். உறைபனிப் புல்லில், செருப்புக் காலோடு, வயிற்றை எக்கி, ஆடாமல் அசையாமல் திரும்பி வந்தார். வாளியைக் குளியலறைக்குள் வைத்து, பக்கத்தில் ஒரு தகரப் பேணியும் வைத்தார். அவள் எழும்பி வந்ததும், தாங்கித் தண்ணீரை மிச்சம் பிடிப்போம், இன்றைக்கு இதில் அள்ளி வார்த்துக்கொள் என்று, முகத்தைப் பார்க்காமல் சொன்னார்.

உள்ளே தண்ணீர் விழும் சத்தம் கேட்டது. நூல் மாதிரி அல்ல, மொண்டு மொண்டு தலையில் ஊற்றும் சத்தம். நடுவில் அவள் ஏதோ முணுமுணுத்துப் பாடுவதுபோலவும் இருந்தது. தங்கராசா கட்டில் விளிம்பில், நல்லெண்ணெய் மணக்கும் கையோடு, தீர்ப்புக்குக் காத்திருந்தார்.

அவள் தலையில் துவாய் சுற்றியபடி வந்தாள்.

“இப்பதான் முழுகின மாதிரிக் கிடக்கு,” என்றாள்.

அந்த முகத்தைப் பார்த்து அவரால் பொய்யைத் தொடர முடியவில்லை. “நேற்று நான் ஒண்டும் திருத்தேல்லை, மங்கை. முழங்கை பட்டுத்தான் சரிவந்தது. அரிசியாலை வந்த வினை.”

“யன்னலாலை பாத்துக்கொண்டுதான் கிடந்தனான். அந்த வழுக்கலுக்குள்ளை ஒரு சொட்டும் சிந்தாமல் கொண்டு வந்தியள். இவ்வளவு காலத்திலை நீங்கள் கை வைச்சும் பழுதாகாத சாமான் இந்த வாளித் தண்ணிதான்.”

பெட்டி சூடானதும் பொயிலர் நன்றாக வேலை செய்யும், குமிழைப் பற்றி இப்போது எல்லாம் விளங்கிவிட்டது என்று அவர் அவசரமாகச் சொல்லத் தொடங்கினார். அவள் கையைக் காட்டி நிறுத்தினாள்.

“வேலை செய்யட்டும். கோப்பை கழுவ உதவும். முழுகிறதுக்கு நாளைக்கும் உப்பிடியே கொண்டு வாங்கோ. உந்தப் பெட்டிக்குள்ளை மட்டும் இனிக் கை விடாதையுங்கோ.”

தங்கராசா கட்டிலை விட்டு எழும்பினார். “அப்ப, ரெயின்?”

“ரெயினிலை எனக்கு ஆர் வாளி தூக்கிறது?” என்று கேட்டுவிட்டு அவள் அடுப்பை மூட்டப் போனாள்.

தங்கராசா வெறும் வாளியைத் துடைத்து, ஸ்டியரிங் இருக்கைக்குப் பின்னால், கைக்கு எட்டும் இடத்தில் வைத்தார்.